மே மாதச் சனிக்கிழமைப் படங்கள்: திடலா, பள்ளிக்கூடமா, தியேட்டரா?

பங்குனி பாதி தாண்டியதும் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி ஆட்கள்தான்: வாசகர் வட்டம் நடத்துகிறவர், பள்ளி ஆசிரியர், ஊருக்கு லீவில் வந்த கல்லூரிப் பையன்கள். பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்துவிட்டது, சும்மா இருக்கிறார்கள், மே மாதம் நான்கைந்து சனிக்கிழமை நல்ல படமாகப் போடலாம் என்று இருக்கிறோம். படப் பட்டியல்கூடத் தயார். எங்கே போடுவது? ஒருவர் ஊர்த்திடல் என்கிறார், ஒருவர் பள்ளி ஹால் என்கிறார், இன்னொருவருக்குத் தியேட்டர் மேனேஜரைத் தெரியும்.

நான் இருப்பது மேற்கு மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். மூன்று இடத்திலும் படம் போட்டுப் பார்த்திருக்கிறோம், மூன்றிலும் சொதப்பியும் இருக்கிறோம். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். முதலில் எதை வைத்து எடைபோடுவது என்று பேசிவிடலாம்.

எடைக்கற்கள்

எல்லாரும் வாடகையில் ஆரம்பிக்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். முதல் கேள்வி, இந்த இடத்தில் போட்டால் யார் வர மாட்டார்கள் என்பது. யார் வருவார்கள் என்று கேட்டால் நம் நண்பர்கள் முகம்தான் நினைவுக்கு வரும். யார் வர மாட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். காலையில் அடுப்படியை விட்டு நகர முடியாத அம்மா, படியேற முடியாத தாத்தா, மேலத்தெருப் பக்கம் மாலையில் போகாதே என்று வீட்டில் சொல்லி வளர்த்த கீழத்தெருப் பிள்ளைகள். ஒவ்வொரு இடமும் சிலரை வாசலிலேயே நிறுத்திவிடும்.

இரண்டாவது, வசனம் காதில் விழுமா. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் நம் ஜனம் பொறுத்துக்கொள்ளும். வசனம் புரியாவிட்டால் கால் மணி நேரத்தில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். மூன்றாவது இருட்டு. நான்காவது, மழை வந்தால், கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது. ஐந்தாவது, படம் முடிந்தபின் அரைமணி நேரம் உட்கார்ந்து பேச முடியுமா. என்னைக் கேட்டால் வீட்டில் டிவி இருக்கும்போது ஊர்கூடிப் படம் பார்ப்பதற்கு இருக்கிற ஒரே காரணம் இந்த அரைமணி நேரம்தான். அதற்கப்புறம் அனுமதி, பணம்.

எங்கே போட்டாலும் மாறாதது

ஓடிடி சந்தா இருக்கிறது, லேப்டாப்பைச் செருகிப் போட்டுவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: அந்தச் சந்தா வீட்டில் பார்ப்பதற்கு. ஊருக்குக் காட்ட உரிமையாளரின் அனுமதி வேண்டும், நுழைவு இலவசமாக இருந்தாலும்தான். சிறிய படங்களின் தயாரிப்பாளரிடமோ இயக்குநரிடமோ நேரடியாகக் கேட்டால், பல நேரம் இலவசமாகவே கொடுத்துவிடுகிறார்கள். சிலர் பஸ் ஏறி வந்து படம் முடிந்ததும் கேள்விக்குப் பதிலும் சொல்வார்கள். கேட்க வெட்கப்படாதீர்கள், மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய படங்களுக்கு ஒரு வழி உண்டு. திரைப்படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். 1960இல் வந்த படத்துக்கு 2020 முடிவோடு அது தீர்ந்தது. பாட்டுக்கும் கதைக்கும் உள்ள உரிமை வேறு கணக்கு என்பதால் அதையும் ஒரு தடவை விசாரித்துவிடுவது நல்லது. பிள்ளைகள் படம் வேண்டுமென்றால் என்எஃப்டிசி என்கிற தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தைக் கேளுங்கள். 1955 முதல் இயங்கிய குழந்தைகள் திரைப்படச் சங்கம் 2022இல் அதோடுதான் இணைக்கப்பட்டது.

தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படத்தைப் பொதுவில் போடக்கூடாது என்பது 1952ஆம் ஆண்டுச் சட்டம். நண்பன் எடுத்த குறும்படத்துக்கும் இது பொருந்தும். அதுவும் நண்பன் எடுத்ததாக இருந்தால் சான்றிதழ் கேட்பது நமக்கே ஒரு தப்பிக்கும் வழி.

திடல்

சின்ன வயதில் டெண்ட் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் திடல் என்றதும் மனசு இளகும். நானும் அந்தக் கட்சிதான். முதல் ஆண்டு யோசிக்காமல் திடலைப் பிடித்தோம்.

திடலின் பெரிய பலம் அதற்கு வாசல் இல்லை என்பது. அழைப்பிதழ் தேவையில்லை. பால் வாங்கப் போனவர் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்பார். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் வடமாநிலப் பிள்ளைகள் ஓரமாக வந்து உட்காருவார்கள். பாட்டிமார் வீட்டிலிருந்தே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெண்கள் இரவுச் சமையலை முடித்துவிட்டுப் பத்து நிமிடம் பிந்தி வந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ஆனால் எந்தத் திடல்? கோயில் திடல் எல்லாருக்கும் பொதுவா என்று ஊரில் நாலு தெருவில் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்கு முன்னால் அவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்திலேயே விஷயம் தெரிந்துவிடும். நாங்கள் முதல் படத்தை ஒரு கோயில் முன்னால் போட்டோம். முந்நூறு பேர் வந்தார்கள், பெருமையாக இருந்தது. கணக்குப் பார்க்க உட்கார்ந்தபோது ஒரு டீச்சரம்மா கேட்டார், "என் வகுப்புப் பிள்ளைங்கள்ல பாதிப் பேரைக் காணோமே, ஏன் சார்?" அவர் சொன்ன பாதிப் பேர் எந்தத் தெரு என்று எங்களுக்குத் தெரியும். இரண்டாம் வாரமே பேருந்து நிலையத்தை ஒட்டிய பஞ்சாயத்து இடத்துக்கு மாற்றினோம். கூட்டம் குறைந்தது, பிள்ளைகள் வந்தார்கள்.

இனி இருட்டு. மே மாதம் எங்கள் பக்கம் சூரியன் மறைய ஆறரை ஆகும். ஏழுக்கு முன்னால் திரையில் எதுவும் தெரியாது. இரவு பத்துக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. ஆக மொத்தம் மூன்று மணி நேரம். வரவேற்புப் பேச்சு, கரண்ட் போய் வருவது, பின்னுரையாடல் எல்லாம் இதற்குள். இரண்டே முக்கால் மணி நேரப் படம் திடலுக்கு ஆகாது. தொண்ணூறு நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தேடுங்கள். தெருவிளக்கு இன்னொரு தொல்லை. பஞ்சாயத்தில் சொல்லி அந்த ஒரு கம்பத்தை மட்டும் அணைக்கச் சொல்லலாம், ஆனால் போட்டு அணைக்கிறவர் சனிக்கிழமை ஊரில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திரையைப் பெரிதாகக் கட்ட எல்லாருக்கும் ஆசை. ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 16 அடி அகலம், 9 அடி உயரம் என்றால் 144 சதுர அடி. புரொஜெக்டரின் வெளிச்சத்தை லூமன் என்ற அளவில் சொல்வார்கள்; 3,500 லூமனை அந்தச் சதுர அடியால் வகுத்தால் சுமார் 24 வரும். தியேட்டரில் எதிர்பார்க்கும் வெளிச்சம் இதே கணக்கில் 14 முதல் 16. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் வாடகைப் புரொஜெக்டரின் விளக்கு தேய்ந்திருக்கும், நிறம் சரியாகத் தெரிகிற மோடில் போட்டால் இன்னும் குறையும். பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள், 12. அதே புரொஜெக்டரை 20 அடித் திரையில் அடித்தால் பாதிக் கணக்கில் 8க்குக் கீழே போய்விடும், இரவுக் காட்சியெல்லாம் கறுப்புச் சேறு. 16 அடியைத் தாண்டாதீர்கள். திரையின் அடிவிளிம்பு தரையிலிருந்து நான்கடியாவது உயரத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் சப்டைட்டில் முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால் ஓடும்.

144 சதுர அடித் துணி என்பது ஒரு பாய்மரம். கோடைமழைக்கு முன் வருகிற காற்றைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. சவுக்குக் கம்பை நட்டு நான்கு பக்கமும் இழுத்துக் கட்டப் பந்தல்காரர்தான் சரி, நாமே கட்டலாம் என்று இறங்கவேண்டாம். ஃப்ளெக்ஸைத் திருப்பி வெள்ளைப் பக்கம் காட்டிக் கட்டுவது மலிவு, ஆனால் பளபளப்பானதாக இருந்தால் நடுவில் ஒரு வெளிச்சப் பொட்டு விழும். மழை பெய்து ஓய்ந்த மாலை என்றால் ஈசல் மொத்தமும் புரொஜெக்டர் ஒளியில்தான் ஆடும். ஒரு சனிக்கிழமை அதைப் பார்த்துக் கைதட்டியது படத்துக்குக் கிடைத்த கைதட்டலைவிட அதிகம்.

திடலின் மறைசெலவுகள் இங்கேதான்: ஜெனரேட்டர், டீசல், மழை வந்தால் திருப்பித் தராத பந்தல் முன்பணம், மறுநாள் காலைத் துப்புரவு, பக்கத்துத் தெருவில் அன்றைக்கே காதுகுத்து மைக் செட் இருந்தால் அவர்களைச் சரிக்கட்டும் செலவு. ஒலிபெருக்கிக்கு எழுத்தில் அனுமதி வேண்டும், காவல் நிலையத்தில் கடிதம் கொடுக்க வேண்டும். 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு சினிமாக்கள் ஒழுங்குமுறைச் சட்டம் உரிமம் பெற்ற இடத்தில்தான் படம் காட்டலாம் என்கிறது, உரிமம் தருகிறவர் மாவட்ட ஆட்சியர். எனவே ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மனு போட்டுக் கையில் ரசீதோடு இருங்கள். வாசல் இல்லாத இடத்தில் வயது பார்த்து உள்ளே விட முடியாது, அதனால் 'ஏ' சான்றிதழ்ப் படம் திடலில் பேச்சுக்கே இடமில்லை.

பள்ளி ஹால்

பார்வைக்கு அழகில்லாத தேர்வு. தகரமோ கான்கிரீட்டோ, மே மாதச் சூடு இறங்க இரவு எட்டாகும். ஜன்னல்களை அடைக்க வேண்டும், அடைத்தால் வேகும். விசிறியைப் போட்டால் இரைச்சல். வெறும் சுவரும் சிமெண்ட் தரையும் சேர்ந்து வசனத்தை எதிரொலித்து ஒன்றின்மேல் ஒன்றாகக் குழப்பிவிடும். கல்யாண மண்டபத்துக்கும் இதே வியாதி.

எதிரொலிக்கு மைக் செட்காரர் சொல்லும் மருந்து சத்தத்தைக் கூட்டுவது. அது தவறு, கூட்டக் கூட்டக் குழப்பமும் கூடும். இரண்டு பெரிய பெட்டியை மேடையில் வைப்பதற்குப் பதில் நான்கு சின்னப் பெட்டியை ஆட்களுக்கு அருகில் வைத்துச் சத்தத்தைக் குறையுங்கள். தரை முழுக்க ஜமுக்காளம் விரியுங்கள். பின்சுவரில் பழைய போர்வை, படுதா எது கிடைத்தாலும் தொங்கவிடுங்கள். ஹால் நிறைய ஆள் உட்கார்ந்துவிட்டால் எதிரொலி தானே பாதி அடங்கும், அதனால் காலி ஹாலில் ஒத்திகை பார்த்துவிட்டு மனம் தளர வேண்டாம்.

இவ்வளவு குறையும் சொல்லிவிட்டு, முதன்முறை நடத்துகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். காரணம் ஒன்று: அரசுப் பள்ளிக்கூடம் ஊரில் யாருடைய இடமும் இல்லை, ஆகவே எல்லாருடைய இடம். சமுதாய மண்டபங்களின் பெயர்ப்பலகையைப் படித்தால் அது எந்தச் சமுதாயம் என்று தெரியும். பள்ளிக்கூட வாசலில் எந்தத் தெருப் பிள்ளையும் தயங்கி நின்று நான் பார்த்ததில்லை, வீட்டுப்பாடம் எழுதாத நாள் தவிர.

சட்டமும் இங்கே கொஞ்சம் கை கொடுக்கிறது. கல்வி நிலையத்தின் செயல்பாடாக, மாணவர், ஆசிரியர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் படம் காட்டுவதைக் காப்புரிமைச் சட்டம் உரிமை மீறலாகக் கருதுவதில்லை. ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டி அழைத்துவிட்டு இந்த விலக்கைக் கேட்க முடியாது. ஆனால் பள்ளி மேலாண்மைக் குழு நடத்துகிற கோடைத் திரையிடல், பெற்றோரோடு வாருங்கள் என்று அமைத்தால் நம் நோக்கம் பெரும்பாலும் நிறைவேறிவிடும். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படம் திரையிடும் திட்டம் நடப்பதால் தலைமையாசிரியருக்கு இது புதுச்சேதியும் அல்ல. புரொஜெக்டர் பள்ளியிலேயே இருக்கவும் வாய்ப்பு உண்டு.

மறைசெலவு பணமாக வராது, உழைப்பாக வரும். விடுமுறையில் சாவி யாரிடம்? கழிப்பறைக்குத் தண்ணீர் யார் ஏற்றுவது? வாட்ச்மேன் அண்ணனுக்கு இரவுச் சாப்பாடு? உடைந்த பெஞ்சுக்கு யார் பொறுப்பு? இதையெல்லாம் ஏப்ரலில், பள்ளி பூட்டுவதற்கு முன், தலைமையாசிரியரிடம் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். மே முதல் வாரம் போனால் அவர் சொந்த ஊரில் இருப்பார்.

உரையாடலுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. விளக்கைப் போட்டதும் வட்டமாக உட்கார்ந்துவிடலாம். கதவைச் சாத்திய கட்டடத்துக்குள் சத்தம் உள்ளேயே நிற்பதால் பத்து மணித் தலைவலியும் குறைவு.

தியேட்டர் காலைக் காட்சி

படமும் ஒலியும் இங்கேதான் உண்மையில் தெரியும், கேட்கும். திடலிலும் ஹாலிலும் நாம் காட்டுவது படத்தின் நிழல் என்று ஒரு நண்பர் கோபமாகச் சொல்வார். தப்பில்லை. காற்றின் சத்தம், தூரத்து ரயில், ஒரு முகத்தில் பாதி இருட்டு இதையெல்லாம் வைத்துக் கதை சொல்கிற படம் என்றால் தியேட்டரைத் தவிர வேறெங்கும் போடாதீர்கள்.

சிக்கல் நேரம். சிற்றூர்த் தியேட்டரில் வழக்கமான காட்சிகளுக்கு முன்னால் காலை ஒன்பது மணிதான் நமக்குக் கிடைக்கும். அந்த நேரத்தில் யார் வர முடியாது என்ற கேள்விக்குப் பதில் நீளம்: சமைக்கும் பெண்கள், சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவர்கள், கடைக்காரர்கள். நாங்கள் போட்ட காட்சியில் நூற்றுச் சொச்சம் பேரில் பெண்கள் பதினொரு பேர், அதில் நால்வர் எங்கள் வீட்டார். படம் முடிந்த ஐந்தாம் நிமிடம் துடைப்பத்தோடு ஆள் வந்துவிடுவார், அடுத்த காட்சிக்குக் கூட்டம் நிற்கும். பேச்செல்லாம் டீக்கடையில்தான்.

தொழில்நுட்பத்தில் ஒரு பொறி இருக்கிறது. தியேட்டர் புரொஜெக்டர் டிசிபி என்ற வடிவத்தில்தான் படம் கேட்கும். தயாரிப்பாளர் உங்களுக்கு அனுப்புவது சாதாரண வீடியோ ஃபைலாக இருக்கும். டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் மாற்றலாம், சாதாரணக் கம்ப்யூட்டரில் ஒரு ராத்திரி முழுக்க ஓடும். மாற்றியதை முதல்நாளே கொண்டுபோய்ப் பத்து நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள், சப்டைட்டில் வருகிறதா என்பது உட்பட. நாங்கள் பார்க்கவில்லை. ஒன்பதுக்குத் தொடங்க வேண்டிய காட்சி ஒன்பதே முக்காலுக்குத் தொடங்கியது, கடைசி இருபது நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். கதாநாயகி ஊர் திரும்பினாளா இல்லையா என்று எங்களில் பலருக்கு இன்றும் தெரியாது.

இன்னொன்று, தேதி. சித்திரையிலும் மே மாதத்திலும் பெரிய படங்கள் வரும். வந்தால் காலை ஒன்பது மணியும் அவர்களுக்கே. வாய்வார்த்தையாக ஒத்துக்கொண்ட மேனேஜர் வியாழக்கிழமை இரவு போன் செய்து, "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி" என்று ஆரம்பித்தால் மீதி சொல்லத் தேவையில்லை. வாடகை தவிர ஏசிக்குத் தனி, கரண்ட் போனால் டீசலுக்குத் தனி, ஆபரேட்டருக்குத் தனி என்று வரும். எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகப் பேசி எழுதி வாங்குங்கள். அனுமதிக் கவலை மட்டும் இங்கே இல்லை, உரிமம் ஏற்கனவே இருக்கிறது, கதவும் இருக்கிறது.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | திடல் | பள்ளி ஹால் | தியேட்டர் காலைக் காட்சி |
|---|---|---|---|
| வர முடியாதவர்கள் | திடல் யார் தெருவில் என்பதைப் பொறுத்தது | மிகக் குறைவு. சூடு தாங்காத முதியவர்கள் | பெரும்பாலான பெண்கள், தினவேலைக்காரர்கள் |
| வசனம் | தெளிவு, வெளிச்சத்தம் தொல்லை | எதிரொலி, சரிசெய்யலாம் | மிக நன்று |
| படத்தின் நீளம் | 2 மணி நேரத்துக்குள் | இரண்டரை வரை | அடுத்த காட்சிவரை |
| கெடுப்பது | மழை, காற்று, ஈசல் | கரண்ட், வெக்கை | புதுப்பட வெளியீடு |
| மறைசெலவு | ஜெனரேட்டர், பந்தல், துப்புரவு | நம் உழைப்பு | ஏசி, டீசல், ஆபரேட்டர், டிசிபி |
| பின்னுரையாடல் | பாதிக் கூட்டம் கலைந்துவிடும் | நன்றாக நடக்கும் | டீக்கடையில் |
| அனுமதி அலைச்சல் | அதிகம் | தலைமையாசிரியர், கல்வித் துறை | இல்லை |

எப்போது எது

பிள்ளைகளும் பெற்றோரும்தான் உங்கள் ஜனம், கையில் பணமில்லை, நடத்துவது ஐந்தாறு பேர் என்றால் பள்ளி ஹால். வேறு யோசனையே வேண்டாம்.

ஊருக்கு இப்படியொன்று நடக்கிறது என்று தெரியவேண்டும், புது ஆட்கள் வரவேண்டும் என்றால் ஒருநாள் மட்டும் திடல். முதல் நாள் அல்ல, கடைசி நாள். அதற்குள் புரொஜெக்டரின் குணம் உங்களுக்குப் பழகியிருக்கும், கம்பு நடவும் நாற்காலி அடுக்கவும் பள்ளியில் படம் பார்த்த பையன்கள் சேர்ந்திருப்பார்கள். மழை வந்தால் பள்ளி ஹாலுக்கே மாறிக்கொள்ளலாம், சாவி நம்மிடம்தானே. ஐந்து சனிக்கிழமையும் திடல் என்பது மழை இல்லாத மாதத்தில் மட்டும். தை, மாசியில் போடுகிறவர்களுக்குத் திடல் இன்னும் வசதி, ஆறே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடும்; ஆனால் பனிக்குப் பாட்டிமார் வரமாட்டார்கள், பிள்ளைகளுக்கு மறுவாரம் திருப்புதல் தேர்வு.

தியேட்டருக்குக் கொண்டுபோக உங்கள் பட்டியலில் ஒரு படம் இருக்கும். இருந்தால் அதை மட்டும் கொண்டுபோங்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் வீட்டில் சமையலை யார் செய்வது என்று முந்தின நாளே ஆண்களிடம் பேசிவிட்டு. ஏற்கனவே திரைப்படச் சங்கம் வைத்திருக்கிறவர்கள், உறுப்பினர் சந்தா வருகிறவர்கள் தியேட்டரையே வழக்கமாக்கிக்கொள்ளலாம். அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையும் இல்லை.

இந்த மேயில் நாங்கள் நான்கு பள்ளியில், ஒன்று திடலில். முதல் வேலையாக வருகிற சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு ஒரு புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய், பின்வரிசை மூலையில் உட்கார்ந்து சப்டைட்டில் படிக்க முடிகிறதா என்று பார்க்கப் போகிறோம். போனமுறை அந்த மூலையில் உட்கார்ந்த ஆச்சி ஒருவர் படம் முழுக்கப் பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருந்தது, ஆனால் பேத்தி நன்றாகப் படித்தாள். இந்தத் தடவை அவளையே முன்னால் மைக் கொடுத்து உட்காரவைக்கலாமா என்று ஒரு யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. ஊமைப்படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் கதை சொல்வாராம், அதுபோல.